மணமாகாதவளாய்

படுக்கை விரிப்பை மடிக்க இரண்டு பேர் வேண்டும். இந்தப் பக்கத்து முனைகள் இரண்டையும் ஒருத்தர் பிடித்துக்கொள்ள, அந்தப் பக்கத்து முனைகளோடு இன்னொருத்தர் பின்னால் நகர்ந்து, விறைப்பாக ஒரு உதறு உதறி, நீளவாக்கில் மடித்து, அப்புறம் எதிரெதிராக நடந்து வந்து, தன் முனைகளை மற்றவர் கையில் ஒப்படைக்க வேண்டும். அந்த லாண்டரியில் புருஷனும் பெண்டாட்டியும் கல்யாணமான காலத்திலிருந்து இப்படித்தான் மடித்து வந்தார்கள். லாட்ஜ் விரிப்பு, ஆஸ்பத்திரி விரிப்பு, தலையணை உறை, மேஜைத் துணி என்று மலை மலையாக வரும். அவர்கள் பேச வேண்டியதே இல்லை. அவர் கை எங்கே வரும் என்று அவள் கைக்குத் தெரியும். வீட்டில் சண்டை போட்டுவிட்டு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்த நாட்களில்கூட, நாலு விரிப்பு மடிப்பதற்குள் விரலோடு விரல் பட்டுக் கோபம் பாதி இறங்கிவிடும்.

அன்றைக்கு அவர் முனைகளை அவள் கையில் கொடுக்கவில்லை. மேஜைமேல் வைத்துவிட்டு நகர்ந்து நின்றார்.

அவள் ஒன்றும் நினைக்காமல் எடுத்துக்கொண்டாள். அடுத்த விரிப்புக்கும் அப்படியே. மூன்றாவதற்கும் அவர் மேஜைப் பக்கம் திரும்பியதும், அவள் கையை நீட்டியபடியே நின்றாள்.

"என்னங்க, கை வலியா?"

"இல்லை."

"அப்புறம் என்ன, நான் என்ன தீட்டா?"

"இனிமே இப்படியே மடிப்போம். இதுவும் மடிப்புதானே."

மூலையில் இஸ்திரி மேஜைக்குப் பின்னால் ஆவியக்கா பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். நாள் முழுக்க நீராவிக்குள் நின்று வேலை செய்வதால் அவளுக்கு அந்தப் பெயர். மாவு பூசினது மாதிரி வெளுத்த முகமும், காற்றில் பறக்கிற தலைமுடியுமாக, நிஜமாகவே ஆவி மாதிரிதான் இருப்பாள். அந்தப் பெயரை வைத்து அவளே எல்லாரையும் பயமுறுத்துவாள். ஆனால் அன்று அவள் வாயைத் திறக்கவில்லை. அதுதான் இவளுக்குப் பயமாக இருந்தது.

மழைக்காலம். மொட்டை மாடிக் கொடிகளில் ஒன்றும் காயாது. உள்ளேயே கயிறு கட்டி, விசிறியைச் சுழலவிட்டு, அந்த ஈரத் துணிகளுக்கு நடுவே குனிந்து குனிந்து நடந்துகொண்டிருந்தார்கள். கொதிதொட்டியில் ஆஸ்பத்திரித் துணி வெந்துகொண்டிருந்தது. சோடாவும் பிளீச்சிங் பவுடரும் கலந்த நெடி மூக்கைக் கடித்தது. மத்தியானம், சோறும் பருப்பும் தட்டில் போட்டுக்கொண்டு மூன்று பேரும் உட்கார்ந்தபோதுதான் அவர் வாயைத் திறந்தார்.

"கோயில் குருகிட்ட பேசினேன்."

"சரி."

"நமக்குக் கல்யாணம் ஆகலையாம்."

அவள் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தவள் நிறுத்தினாள்.

"யாருக்கு?"

"நமக்கு. ரிஜிஸ்டர் ஆபீஸ்ல பண்ணிக்கிட்டது ஒப்பந்தமாம். வீடு வாடகைக்குப் பேசிக்கிற மாதிரி. கல்யாணம்ங்கறது சாமி முன்னாடி சொல்ற வாக்கு. அது நமக்குள்ள இல்லையே."

"வாடகைக்கா? இத்தனை வருஷமா உங்ககிட்ட நான் வாடகைக்கா இருந்தேன்?"

"அட்வான்ஸ்கூட வாங்காம இருந்திருக்கியேடி," என்றாள் ஆவியக்கா. யாரும் சிரிக்கவில்லை. அவளும் சிரிக்கவில்லை. "தம்பி, அந்த ஆபீஸ்ல சாட்சிக் கையெழுத்துப் போட்டவ நான். அப்ப நான் எதுக்குச் சாட்சி? வீடு பார்த்துக் குடுத்த புரோக்கரா நான்?"

"அக்கா, உங்களைக் குத்தம் சொல்லலை. யாரையும் சொல்லலை. தெரியாம இருந்துட்டோம். தெரிஞ்சப்புறம் அப்படியே இருக்கக் கூடாது இல்லையா?"

அவர் சாந்தமாகத்தான் பேசினார். அதட்டியிருந்தால் அவளும் அதட்டியிருப்பாள்.

அவர் பிறந்த மதம் ஒன்று, அவள் பிறந்தது இன்னொன்று. ஒரே தையல் கடைக்கு இருவரும் துணி கொண்டுபோய்க் கொடுத்த காலத்தில் பழக்கமானவர்கள். கட்டிக்கொள்வது என்று முடிவானதும் முதலில் போய் நின்றது அவருடைய கோயில் வாசலில்தான். அன்றைய பழைய குரு, வாசலுக்குள் விடாமல், "பொண்ணு முதல்ல இந்தப் பக்கம் வரட்டும், அப்புறம் பேசலாம்" என்றார். அவளுக்கு அதில் சம்மதமில்லை. அப்பா அம்மாவை எதற்கு விட்டு வந்தாய் என்று யாராவது கேட்டால் இவரைக் காட்டிச் சொல்லிவிடுவாள். கும்பிட்ட சாமியை எதற்கு விட்டாய் என்று கேட்டால் என்ன சொல்வது? அவர்தான் அன்று அவள் கையைப் பிடித்து, "வா, நமக்கு ஆபீஸ் போதும்" என்று அழைத்துப் போனார். அங்கே சளி பிடித்த ஓர் அதிகாரி தும்மித் தும்மிக் கேள்வி கேட்டார். எல்லாம் முடிந்து எழுந்தபோது மூக்கைத் துடைத்துக்கொண்டு, "சந்தோஷமா இருங்க" என்றார். இரண்டு வீட்டிலிருந்தும் வராத ஆசீர்வாதம் அந்தத் தும்மலுக்கு நடுவில் வந்தது.

சந்தோஷமாகத்தான் இருந்தார்கள். பையன் பிறந்தான். சின்னு என்று கூப்பிட்டார்கள். துணி மூட்டைமேல் தூங்கி, நீலம் கரைக்கிற வாளியில் கையைவிட்டு வளர்ந்தவன். படிப்பு முடிகிற வருஷம், காய்ச்சல் என்று படுத்தான். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே அவன் படுத்த கட்டிலில் விரித்திருந்தது அவர்கள் வெளுத்த விரிப்புதான். அதிலிருந்து அவன் எழுந்திருக்கவில்லை.

அப்பாவின் கோயில் இடுகாட்டில் இடம் கேட்டார்கள். பெற்றவர்களின் கல்யாணம் கோயிலில் நடக்கவில்லை, பிள்ளை கோயில் பிள்ளையாகாது என்று பழைய குரு சொல்லிவிட்டார். நகராட்சி இடுகாட்டில், தண்ணீர் தேங்குகிற ஒரு மூலையில் அடக்கம் செய்தார்கள். அன்றிலிருந்து அவர் கல்லாகிவிட்டார். கொதிதொட்டி முன்னால் நிற்பார், துடுப்பு கையில் இருக்கும், துழாவ மாட்டார். ஊட்டினால் சாப்பிடுவார், இல்லாவிட்டால் இல்லை.

பழைய குரு மாற்றலாகிப் போய், இளவயதுக் குரு வந்தார். ஒருநாள் தானாக லாண்டரிக்கு வந்து, துணி மூட்டைமேல் உட்கார்ந்து, அவரோடு பேசாமல் வெகுநேரம் இருந்துவிட்டுப் போனார். மறுநாளும் வந்தார். அப்புறம் இவரே அங்கே போக ஆரம்பித்தார். போய்விட்டு வந்தால் பசிக்கிறது என்பார். அவள் அந்தக் குருவைக் கையெடுத்துக் கும்பிடாத குறை. அவருடைய வெள்ளை அங்கிகளைக் கூலி வாங்காமல் வெளுத்துக் கஞ்சி போட்டுக் கொடுத்தாள். போன உயிரைத் திருப்பிக் கொடுத்தவர் என்று ஆவியக்காவிடம் சொல்லுவாள். அந்தக் கோயிலே இப்படி ஒன்றைக் கேட்கும் என்று அவள் நினைக்கவில்லை.

"இப்ப என்ன செய்யணும்ங்கறீங்க?" என்று கேட்டாள்.

"கோயில்ல கட்டிக்கலாம். நீ எந்த மதத்திலயும் சேர வேண்டாம். இந்தக் குரு அதெல்லாம் கேக்கலை. சும்மா வந்து நின்னு வாக்குச் சொன்னாப் போதும்."

"சொல்லலைன்னா?"

"அதுவரைக்கும் நான் அந்தத் துணி ரூம்லயே படுத்துக்கறேன்."

"படுங்க. எலி கடிக்கும்."

அவர் தட்டைப் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னார்: "வருஷத்துக்கு ஒருதரம் செத்தவங்க பேரை வாசிப்பாங்க. நாம வாக்குச் சொல்லிட்டா, சின்னு பேரையும் வாசிக்கலாமாம்."

கொதிதொட்டி களகளவென்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. அவள் எழுந்து போய் அடுப்பைத் தணித்துவிட்டு வந்தாள்.

"அப்ப இன்னிக்கு அவன் யாருங்க?"

"யாருன்னா?"

"நமக்குக் கல்யாணமே ஆகலைன்னா, நம்ம பிள்ளை யாரு? அதுக்குத் தெருவுல ஒரு பேர் இருக்கு. குழாயடியில சண்டை வந்தா ஒருத்தரை ஒருத்தர் அந்தப் பேரைச் சொல்லித் திட்டுவாங்க. அந்தப் பேரை என் பிள்ளைக்கு வைக்கறீங்களா? பெத்த அப்பனே வைக்கறீங்களா?"

அவர் சாப்பிட்ட கையோடு முகத்தை மூடிக்கொண்டார். பருக்கை கன்னத்தில் ஒட்டியது. "நான் அப்படி நினைப்பேனா? அவனை வெளியில விட்டுட்டு வந்துட்டோம். தண்ணிக்குள்ள விட்டுட்டு வந்துட்டோம். உள்ள கொண்டுவர ஒரு வழி இருக்குன்னு சொல்றாங்க. அதைத்தான் கேக்கறேன்."

அவள் தன் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

இரண்டு நாள் கழித்து, வெளுத்த அங்கிகளை எடுத்துக்கொண்டு அவள் கோயிலுக்குப் போனாள். குரு பின்கட்டில், ஒழுகுகிற இடத்துக்கு அடியில் வாளி வைத்துக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

"உட்காருங்கம்மா. திட்டத்தான் வந்திருக்கீங்கன்னு தெரியுது. திட்டுங்க."

"திட்டறதுக்கு எனக்கு உங்க வயசுல பையன் இல்லீங்க ஐயா. இருந்தவன் அதைவிடச் சின்னவன்."

அவர் தலை குனிந்துகொண்டார்.

"கல்யாணம் ஆபீஸ்ல நடந்ததாலதான் என் பிள்ளை போனான்னு சொன்னீங்களா?"

"இல்லவே இல்லைம்மா. ஒரு நாளும் சொல்லலை. அவரா நினைச்சுக்கிட்டதை, இல்லை இல்லைன்னு பல தடவை சொல்லியாச்சு. துக்கத்துல ஒரு காரணம் கிடைச்சா மனுஷன் அதை விடமாட்டேங்கறான்."

"சரி. வாடகைன்னு சொன்னீங்களாமே?"

"ஒப்பந்தம்னு சொன்னேன். வாடகைன்னு அவர் புரிஞ்சுக்கிட்டார்." குரு சற்று யோசித்தார். "நான் நினைக்கறதைச் சொல்லட்டுமா? ரெண்டு பேர் சேர்ந்து கையெழுத்துப் போட்டது, ரெண்டு பேர் சேர்ந்து நினைச்சா முடிஞ்சிடும். சாமி முன்னாடி சொன்னதை முடிக்க முடியாது. உங்க வீட்டுக்காரர் உங்ககிட்ட, முடியவே முடியாத ஒண்ணைக் கேக்கறாரும்மா. அது அவமானம் இல்லை. ஆசை."

"இந்த வாசல்லதான் ஐயா வந்து நின்னோம். சாத்தினது நீங்க. திறந்தது ஆபீஸ்காரங்க. சாத்தினவங்க இப்ப வந்து, திறந்த வாசல் வாசலே இல்லைன்னு சொன்னா எப்படி?"

"சாத்தினது தப்பு. எனக்கு முன்னாடி இருந்தவர் செஞ்ச தப்பை நான் ஒத்துக்கறேன்."

"பையனுக்கு இடம் தரலையே, அது?"

"அதுவும் தப்பு." அவர் வாளியை நகர்த்தி வைத்தார். "அதனாலதாம்மா திறக்கப் பார்க்கறேன்."

ஏமாற்றுகிற ஆள் இல்லை என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. திரும்பி வரும்போது மழை வலுத்தது. கடை ஓரமாக ஒதுங்கி நின்றபடி குரு சொன்னதை நினைத்துப் பார்த்தாள். முடியவே முடியாத ஒன்று. இந்த வயதில் ஒரு மனுஷன் தன்னிடம் அதைக் கேட்கிறான் என்பது ஒரு பக்கம் இனிக்கத்தான் செய்தது. பையன் பெயரை ஒரு கூட்டத்துக்கு நடுவே யாரோ உரக்கச் சொல்வார்கள் என்பதும் நெஞ்சை இழுத்தது. வீட்டுக்கு வந்து ஈரத் தலையோடு சொன்னாள்:

"சரி. வரேன்."

அன்று அவர் தானாக இரண்டு தரம் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

"நான் வரமாட்டேன்டி," என்றாள் ஆவியக்கா. "ஒரு தடவை சாட்சி சொல்லியாச்சு. ஒரே ஜோடிக்கு எத்தனை தடவை சாட்சி சொல்றது? என்னைப் பாரு. பஸ் ஸ்டாண்டுல ஒருத்தன் ‘வரியா'ன்னான், ‘வரேன்'னேன். கோயிலும் கிடையாது, ஆபீஸும் கிடையாது. அவன் சாகற வரைக்கும் எனக்குத்தான் புருஷன். சாமியும் கேக்கலை, சர்க்காரும் கேக்கலை."

ஆனால் கோயில் கல்யாணத்தன்று எல்லாருக்கும் முன்னால் இஸ்திரி போட்ட புடவையில் வந்து நின்றவள் அவள்தான்.

கோயிலில் பத்துப் பேர்கூட இல்லை. மழைக்கு இருட்டிக்கொண்டு வந்ததால் பகலிலேயே விளக்குப் போட்டிருந்தார்கள். அவர் போட்டிருந்தது தானே கஞ்சி போட்டு, தானே தேய்த்த வெள்ளைச் சட்டை. கழுத்துப் பட்டையில் ஒரு சுருக்கம் விழுந்திருந்தது. நீவிவிடக் கையை நீட்டிய அவள், சும்மா இருந்துவிட்டாள். இன்னும் கொஞ்ச நேரம்தானே, அப்புறம் நீவிக்கொள்ளலாம்.

குரு புத்தகத்தைப் பிரித்தார். முதலில் ஏதோ வாசித்தார், நன்றாக இருந்தது. அப்புறம் அவர் பக்கம் திரும்பி, "நான் சொல்றதை அப்படியே திருப்பிச் சொல்லுங்க" என்றார்.

"மணமாகாதவனாய் இந்த வாசலுக்கு வந்திருக்கிறேன்."

"மணமாகாதவனாய் இந்த வாசலுக்கு வந்திருக்கிறேன்," என்றார் அவள் புருஷன். தெளிவாக, தடுக்காமல் சொன்னார்.

குரு அவள் பக்கம் திரும்பினார்.

"மணமாகாதவளாய் இந்த வாசலுக்கு வந்திருக்கிறேன்."

அவள் வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. தயக்கம் என்று நினைத்துக் குரு மறுபடி சொல்லிக்கொடுத்தார்.

"ஐயா, இந்த ஒரு வரியை விட்டுட்டு அடுத்ததுக்குப் போகலாமா?"

"முடியாதும்மா. இதைச் சொல்லாம அடுத்ததைச் சொல்ல முடியாது. ஏற்கெனவே கல்யாணமானவங்களுக்குக் கோயில் கல்யாணம் பண்ணி வைக்காது இல்லையா?"

"சொல்லேன்," என்றார் அவர் காதோடு. "ஒரு வரிதானே. சின்னுவை நினைச்சுக்கிட்டுச் சொல்லு."

சின்னுவைத்தான் அவள் நினைத்தாள். பிரசவ வார்டில், வலி கிழித்த நேரத்தில், "வெளியில நிக்கறது யாரு?" என்று நர்ஸ் கேட்டதற்கு, "என் வீட்டுக்காரர்" என்று கத்தினது ஞாபகம் வந்தது. மாமியார் படுக்கையோடு கிடந்தபோது மலம் அள்ளியது ஞாபகம் வந்தது. கடைசிவரைக்கும் பேசாமலே இருந்த அந்தக் கிழவி, சாகப்போகிற சமயம் அவள் கையைப் பிடித்து, "மருமகளே" என்றாளே, அதுவும் வந்தது. அந்தக் கிழவிக்குத் தெரிந்தது இவருக்குத் தெரியவில்லையா?

"நான் கல்யாணமானவ ஐயா," என்றாள். உரக்கச் சொல்ல நினைக்கவில்லை, உரக்க வந்துவிட்டது. "இதோ, இவரோட பொண்டாட்டி. இதே மனுஷனை இன்னொரு தரம் கட்டிக்கச் சொன்னா கட்டிக்கறேன். நூறு தரம் கட்டிக்கறேன். ஆனா பொண்டாட்டியா வந்துதான் கட்டிக்குவேன். ஆகாதவளா வரமாட்டேன்."

குரு அவளைப் பார்த்தார். அவர் கண் கலங்கியிருந்தது. அப்புறம் புத்தகத்தை மூடினார்.

வழியில் அவர் முன்னாலும் அவள் பின்னாலுமாக நடந்தார்கள். வீட்டுக்கு வந்ததும் அவர் தன் துணிகளைப் பையில் எடுத்து வைக்கத் தொடங்கினார். கோயில் தோட்டத்துக்கு ஆள் வேண்டுமாம், பின்னால் ஓர் அறை இருக்கிறதாம்.

"கோபமாப் போறீங்களா?"

"கோபம் இல்லை. உன்மேல எனக்கு என்ன கோபம்? இங்க இருந்தா என்னால சாமி கும்பிட முடியலை. அங்க போனா உன் முகத்தைப் பார்க்க முடியலை. ரெண்டுல ஒண்ணாவது நிம்மதியா இருக்கட்டும்னு பார்க்கறேன்."

அவள் வாசலை மறித்து நின்றாள். "போங்க. ஆனா லாட்ஜைக் காலி பண்ற மாதிரி பையைத் தூக்கிக்கிட்டுப் போகாதீங்க. அறுத்துட்டுப் போங்க."

"அறுக்க என்ன இருக்கு?"

"அதைத்தான் கோர்ட்டுல வந்து சொல்லுங்க."

அவர் ஒன்றும் புரியாமல் அவளைப் பார்த்துவிட்டு, பையோடு மழையில் இறங்கினார். ஆவியக்கா இஸ்திரிப் பெட்டியை அணைத்துவிட்டு வந்தாள்.

"பைத்தியமாடி உனக்கு? போறவன் ரெண்டு மாசத்துல பசிக்குதுன்னு திரும்பி வருவான். கூப்பிட்டு விவாகரத்துக் குடுப்பாங்களா?"

"இல்லாததை அறுக்க முடியாதுக்கா," என்றாள் அவள். "கோர்ட்டுல அறுக்கணும்னா, இருந்துச்சுன்னு முதல்ல சொல்லியாகணும். அவர் வாயால சொல்லணும்."

"அதுக்காகப் புருஷனை விடுவியா?"

"விடலைன்னாலும் இல்லையேக்கா. இப்ப அவரைப் பொறுத்தவரைக்கும் நான் யாரு? யாரோ ஒருத்தி. யாரோ ஒருத்தியா இருக்கறதுக்கு, புருஷன் விட்டுட்டுப் போன பொண்டாட்டியா இருக்கறது எவ்வளவோ தேவலை."

ஆவியக்கா புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டு போய்ப் பெட்டியைச் சூடு பண்ணினாள்.

வக்கீல் மனுப் போட்டார். நீட்டின இடத்தில் அவரும் வாசிக்காமலே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். கோர்ட்டு, கொஞ்ச காலம் யோசித்துவிட்டு வாருங்கள் என்றது. மழைக்காலம் முடிந்து வெயில் வந்தது. விரிப்புகள் மாடியில் ஒரு மணி நேரத்தில் சருகாகக் காய்ந்தன. ஆவியக்காதான் மறுமுனையைப் பிடித்தாள். அவளுக்குக் குட்டைக் கை, விரிப்பு தரையில் புரளும், மறுபடி வெளுக்கப் போடவேண்டி வரும். "உன் புருஷனுக்கு நீட்டுக் கை, அது இல்லாததுதான் எனக்குக் குறை" என்று முணுமுணுப்பாள்.

அவருடைய துணி வாரத்துக்கு ஒரு தரம் லாண்டரிக்கு வந்தது. கோயில் ஆள் ஒருவர் அங்கிகளோடு சேர்த்துக் கொண்டுவந்து போடுவார். லாண்டரிக்கு வருகிற ஒவ்வொரு வீட்டுத் துணிக்கும் ஒரு குறி உண்டு. காலர் உள்பக்கம் அழியாத மையில் ஒரு புள்ளி, ஒரு கோடு, ஒரு எண் போடுவார்கள். சொந்த வீட்டுத் துணிக்குக் குறி போடுவதில்லை. அவர் சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, மைக்குச்சியை எடுத்து, வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். என்ன குறி போடுவது? கடைசியில் குச்சியை வைத்துவிட்டாள். குறியில்லாமலே அந்தச் சட்டைகள் போய் வந்தன. ஒருமுறைகூட மாறிப் போகவில்லை.

கோயிலில் இறந்தவர்கள் பெயரை வாசிக்கிற நாளும் வந்து போனது. அவர் அங்கே கடைசி வரிசையில் உட்கார்ந்து எல்லாப் பெயரையும் கேட்டுவிட்டு, எழுந்து தோட்டத்துக்குப் போய்விட்டார் என்று குருவே வந்து சொன்னார். "சின்னு பேரை வாசிக்கறது என் கையில இல்லைம்மா" என்றார். அவள் அங்கிகளை மடித்துக் கொடுத்தாள். இந்தத் தடவையும் கூலி வாங்கவில்லை.

கோர்ட்டில் கூப்பிட்ட நாளன்று காலையிலேயே வெயில் காய்ந்தது. ஆவியக்கா லாண்டரியைப் பூட்டிவிட்டுக் கூடவே வந்தாள். உள்ளே விடமாட்டார்கள் என்று வாசல் படிக்கட்டிலேயே உட்கார்ந்துகொண்டாள். அவர் ஏற்கெனவே வந்து வராந்தாத் தூணோரம் நின்றிருந்தார். வெயிலில் கறுத்திருந்தார், நகக்கண்ணில் மண். அவளைப் பார்த்ததும், "வந்துட்டியா?" என்றார். "வந்துட்டேன்" என்றாள். பேர் கூப்பிட்டதும் உள்ளே போனார்கள்.

நீதிபதி ஒரு பெண். நிறைய பேரைப் பிரித்துக் களைத்துப்போன முகம். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"ரெண்டு பேரும் யோசிச்சுட்டீங்களா?"

இருவரும் தலையாட்டினார்கள். உண்மையைத்தான் சொல்வேன் என்று அவரைச் சத்தியம் செய்யச் சொன்னார்கள். செய்தார்.

"உங்க ரெண்டு பேருக்கும் கல்யாணம் நடந்தது உண்மையா?"

அவர் கையிரண்டையும் முன்னால் கட்டிக்கொண்டு, தரையைப் பார்த்தார். வக்கீல் செருமினார். தட்டச்சு செய்கிற பெண் விரல்களை எழுத்துக்கள்மேல் வைத்தபடி காத்திருந்தாள்.

"இங்க பாருங்க," என்றார் நீதிபதி. "கல்யாணம் நடக்கலைன்னா, பிரிக்கறதுக்கு இங்க வேலை இல்லை. வீட்டுக்குப் போகலாம். நடந்திருந்தா நடந்ததுன்னு சொல்லணும். நிக்கறாங்களே, இவங்க யாரு உங்களுக்கு?"

அவர் தலையைத் தூக்கி அவளைப் பார்த்தார். கோயிலில் அத்தனை தெளிவாகச் சொன்ன குரல், இங்கே உடைந்து வந்தது.

"என் மனைவிங்க."

"கல்யாணம்?"

"நடந்துச்சுங்க. என் பொண்டாட்டிங்க. அன்னிலேர்ந்து இவதாங்க என் பொண்டாட்டி."

"குழந்தைங்க?"

"ஒரு பையன்." அவர் அவள் பக்கம் திரும்பினார்.

"இப்ப இல்லைங்க," என்றாள் அவள். "இறந்துட்டான்."

நீதிபதி கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "பையன் பேர் என்ன?" என்று சற்றுத் தணிந்த குரலில் கேட்டார். சின்னு என்று கூப்பிட்டவனின் முழுப் பெயரை அவள் புருஷன்தான் சொன்னார். நீதிபதி தட்டச்சுப் பெண் பக்கம் திரும்பி, அந்தக் கூடத்தில் இருந்த அத்தனை பேர் காதிலும் விழும்படி, ஏற்ற இறக்கமில்லாமல் சொல்லிக்கொண்டே போனார்: மேற்படி தம்பதியினருக்கு முறையாகத் திருமணம் நடைபெற்று, அத்திருமணத்தின் மூலம் ஒரு மகன் பிறந்து... அங்கே பையன் பெயரைச் சொன்னார்... அவர் காலமாகிவிட்டார்.

எழுத்துக்கள் படபடவென்று விழுந்தன. அவள் கூண்டின் கட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

"உங்களுக்குப் பிரியச் சம்மதமா? யாராவது வற்புறுத்தினாங்களா?"

கேள்வி தனக்குத்தான் என்று அவளுக்குச் சற்று நேரம் புரியவில்லை. திரும்பி அவரைப் பார்த்தாள். அவர் கண்ணில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது, துடைக்கவில்லை. இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், இருவரையும் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். ஆனால் வீட்டுக்கு வந்து அவர் எங்கே படுப்பார்? எந்தச் சாமியைக் கும்பிடுவார்?

"சம்மதங்க," என்றாள். "யாரும் வற்புறுத்தலை."

வெளியே வந்து வராந்தாவில் இருவரும் கொஞ்ச நேரம் நின்றார்கள்.

"உள்ள நான் பொய் சொல்லலை," என்றார் அவர்.

"தெரியும்."

அப்படியானால் அங்கே கோயிலில் சொன்னது என்ன என்று அவள் கேட்கவில்லை. "வெயில்ல ரொம்ப நேரம் நிக்காதீங்க, தலையில துண்டு போட்டுக்குங்க" என்றாள். அவர் சரி என்று தலையாட்டிவிட்டு, படியிறங்கி, சாலையைக் கடந்து போனார்.

ஆவியக்கா எழுந்து ஓடி வந்தாள். "என்னடி ஆச்சு? முடிஞ்சுதா?"

"முடிஞ்சுதுக்கா."

"என்னடி சொன்னாங்க உள்ள?"

"பொண்டாட்டின்னு சொன்னாருக்கா," என்றாள் அவள். "எல்லாரும் கேக்கச் சொன்னார்."

சொல்லிவிட்டு, அந்தப் படியிலேயே உட்கார்ந்து, தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். உள்ளே அடுத்த ஜோடியின் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.